மேஜருடன் விளையாடி நிறுத்துவது எப்படி

ஒரு நாயோடு பந்து விளையாடத் தொடங்கி, எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் மாமரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்ட அரசாங்கக் கிராணியை, அதாவது குமாஸ்தாவை, நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அந்தக் காலத்தில் காஜா பேராங்கில் குடியிருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். வெள்ளைக் கால்சட்டையும் கழுத்தில் டையுமாக ஒரு கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கீழே பந்தை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நாயிடம் "ஆபீசுக்கு நேரமாச்சு, விட்டுடு" என்று கெஞ்சிக்கொண்டிருந்த ஆள் நான்தான். (டை எதற்கு என்று கேட்காதீர்கள். நாடு புதிதாகச் சுதந்திரம் வாங்கியிருந்தது. நான் புதிதாக வேலையில் சேர்ந்திருந்தேன். இரண்டுக்கும் சேர்த்து நான் ஒருவனே கம்பீரமாக இருக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு.)

மெர்டேக்கா என்று மலாயில் சொல்கிற சுதந்திரம் வந்ததும் எங்கள் ஆபீஸ் தொரை ஊருக்குக் கிளம்பினார். அவர் பங்களாவில் இருந்த சாமான்களை ஆபீஸ்காரர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். ஒருவருக்குச் சாய்வு நாற்காலி, ஒருவருக்கு மேசை விளக்கு. நான் போய்ச் சேர்ந்தபோது மிச்சமிருந்தது ஒரு கழுவும் பேசினும் ஒரு நாயும். பேசின் சுவரில் பதித்திருந்தது.

கறுப்பும் வெள்ளையுமான நாய். இங்கிலாந்தில் ஆட்டு மந்தை மேய்க்கிற ஜாதி. பெயர் மேஜர். தொரை வாயில் பைப்பைக் கடித்துக்கொண்டே, இந்த நாயோடு எப்படி விளையாட வேண்டும், முக்கியமாக விளையாட்டை எப்படி முடிக்க வேண்டும் என்று வெகுநேரம் விளக்கினார். நான் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "யெஸ் சார்" என்றேன். எனக்குப் புரிந்தது மூன்றே சொற்கள். பந்து, எப்போதும், ஒருபோதும். எதை எப்போதும் செய்ய வேண்டும், எதை ஒருபோதும் செய்யக் கூடாது என்பது பைப் புகையோடு போய்விட்டது. திரும்பக் கேட்டால் என் இங்கிலீஷைப் பற்றி என்ன நினைப்பாரோ என்று பேசாமல் கயிற்றை வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் அம்மாவுக்கு நாய் பிடிக்கவில்லை. அப்பாவுக்கோ வேறு சிக்கல். அவர் வாழ்நாள் முழுவதும் தொரைமார்களிடம் கிராணி வேலை பார்த்தவர். தொரை வீட்டிலிருந்து வந்த நாயை 'வாடா போடா' என்று கூப்பிட அவருக்கு நாக்கு வரவில்லை. "மேஜர் சாப்பிட்டாங்களா?" என்று அம்மாவிடம் கேட்பார். மேஜர் வழியில் படுத்திருந்தால் சுற்றிக்கொண்டு போவார். ஒருநாள் மேஜர் அவரை உற்றுப் பார்த்தபோது சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

மேஜரின் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். பந்தைக் கொண்டுவந்து நம் காலடியில் வைக்கும். நாலடி பின்னால் போகும். தரையோடு தரையாகப் பதுங்கி நம்மைப் பார்க்கும். எறிந்தால் அம்பு மாதிரி போய் எடுத்துக்கொண்டு வந்து மறுபடியும் வைக்கும். இது முதல் தடவை அழகாக இருக்கும். பத்தாவது தடவை பெருமையாக இருக்கும். அதற்குப் பிறகு நமக்குக் கை வலிக்கும், அதற்கு எதுவும் வலிக்காது.

நிறுத்துவதற்கு நான் எடுத்த முயற்சிகள் எல்லாம் பாடப் புத்தகத்தில், எப்படிச் செய்யக் கூடாது என்ற பகுதியில் வர வேண்டியவை. முதலில் பந்தைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். மேஜர் பையைக் கிழித்துப் பந்தை எடுத்துக்கொண்டது. பந்தை அலமாரிக்குள் பூட்டி வைத்தேன். அது சமையலறைக்குப் போய் ஒரு வெங்காயத்தை எடுத்து வந்து என் காலடியில் வைத்தது. வெங்காயத்தைப் பிடுங்கினேன். எலுமிச்சம்பழம் வந்தது. அதையும் பிடுங்கினால் அம்மாவின் பித்தளைச் சொம்பு உருண்டு வந்தது. பந்தைக் கூரை மேல் எறிந்து பார்த்தேன். மேஜர் விறகுக் கட்டின் மேல் ஏறி, குளிக்கிற அறையின் தகரக் கூரையில் தாவி, தடதடவென்று ஓடியது. உள்ளே அப்பா குளித்துக்கொண்டிருந்தார். "யாரு மேல?" என்று கேட்டார். "மேஜர்ப்பா." "அப்படியா. பரவாயில்ல, இருக்கட்டும்" என்றார்.

அதட்டிப் பார்த்தேன். நான் கத்தக் கத்த, ஆட்டம் சூடுபிடிக்கிறது என்று நினைத்து அதுவும் கூடச் சேர்ந்து குரைத்தது. கடைசியில்தான் மரம்.

இதில் எனக்கு விளங்காத ஒரு சங்கதி இருந்தது. சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து வரும்போது வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. அக்கா கமலா தையல் மிஷினில் ரவிக்கை தைத்துக்கொண்டிருப்பாள். மேஜர் அவள் காலடியில், மிஷினின் மிதிகட்டைக்குப் பக்கத்தில் சுருண்டு தூங்கிக்கொண்டிருக்கும். என் சைக்கிள் மணி கேட்டதும் எழுந்து பந்தைத் தேடும். பாவம், பகலெல்லாம் நான் இல்லாத ஏக்கத்தில் சோர்ந்து கிடக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். (அந்த வயதில் எனக்கு எல்லாவற்றுக்கும் காரணம் நானாகவே தெரிந்தேன்.)

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பெரியவள். அதிகம் பேச மாட்டாள். பேசினால் வெங்காயம் உரித்துக்கொண்டே, நம் முகத்தைப் பார்க்காமல், ஒரு வரி பேசுவாள். அந்த ஒரு வரியிலிருந்து மீள நமக்கு இரண்டு நாள் ஆகும். அவளுக்கு அதுவரை வந்த வரன்கள் எதுவும் அமையவில்லை. வந்தவர்கள் பாடச் சொன்னார்கள், நடந்து காட்டச் சொன்னார்கள், முடியின் நீளம் பார்த்தார்கள். பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் சொல்லி அனுப்பவில்லை. அக்கா அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. அம்மாதான் ஒவ்வொரு தடவையும் சாப்பிடாமல் படுத்துக்கொள்வாள்.

இந்த நிலையில் செமாபோக்கிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பள்ளிக்கூட வாத்தியார். பெயர் சண்முகம். அப்பா இல்லை, அம்மா வளர்த்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அம்மா அன்றைக்கே முறுக்கு மாவு அரைக்கக் கொடுத்துவிட்டாள். சுவரில் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லி அப்பாவை விரட்டினாள். என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு வேலை கொடுத்தாள்.

"சுந்தரம், அந்த நாயி அவங்க கண்ணுல படக்கூடாது. அது ஒண்ணு மட்டும் நீ பாத்துக்க. வேற ஒண்ணும் நீ செய்ய வேணாம்."

வேலிக்கு அந்தப் பக்கம் செட்டி கம்பம் என்ற குடியிருப்பு. அங்கே எங்களுக்குப் பழக்கமான ராஜா பிள்ளை மாமா இருந்தார். பெயர்தான் தமிழ், பேச்செல்லாம் மலாய். ஒரு சாயங்காலம் மட்டும் மேஜரை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். ஏற்கெனவே ஒருதடவை வைத்துக்கொண்டவர் அவர். "தா மாவ் லா" என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திவிட்டார். வேண்டாமப்பா என்று அர்த்தம். சிரிக்காமல் சொல்லியிருந்தால்கூட இன்னொருதடவை கேட்டிருப்பேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. இன்றைக்கும் நினைத்தால் உடம்பு கூசுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மேஜரைக் கிளேபாங் கடற்கரைக்குக் கூட்டிப்போய், அது களைத்து விழுகிற வரைக்கும் பந்து எறிவது. சாயங்காலம் அது அடித்துப் போட்ட மாதிரி தூங்கும். யாருக்கும் தெரியாது. இதைவிட எளிமையான வழி உண்டா?

விடிந்ததும் சைக்கிளை எடுத்தேன். மேஜர் கூடவே ஓடி வந்தது. தெங்கேரா சடக்கில் ரோட்டோரக் காப்பிக்கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. கிளேபாங்கில் அலை இல்லை. கடலுக்குள் பந்தை எறிந்தேன். மேஜர் நீந்திப் போய் எடுத்து வந்து, உதறி என்னை நனைத்துவிட்டு, காலடியில் வைத்தது. மறுபடி எறிந்தேன். மறுபடி. வெயில் ஏற ஏற என் வலது கை கழன்று போய், இடது கையால் எறியத் தொடங்கினேன். பந்து கடலுக்குப் போகாமல் பின்பக்கம் தென்னந்தோப்புக்குப் போனது. மேஜருக்கு அது இன்னும் பிடித்திருந்தது.

கொஞ்சம் தள்ளி ஒரு மலாய்க்காரர் வலையை உலர்த்திக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு எழுந்து வந்து, மலாயில் மரியாதையாகக் கேட்டார். "தம்பி, நீங்க ரெண்டு பேருல யாரு யாரைப் பழக்குறீங்க?"

உச்சி வெயிலில் வீடு திரும்பினேன். என்னால் தலை சீவக் கையைத் தூக்க முடியவில்லை. மேஜரைப் பார்த்தேன். தூக்கத்தின் அறிகுறியே இல்லை. கண் இரண்டும் பெட்ரோமாக்ஸ் மாதிரி எரிந்துகொண்டிருந்தன. உடம்பெல்லாம் நடுங்கியது. ஒரு இலை அசைந்தால் திரும்பியது. ஒரு ஈ பறந்தால் பதுங்கியது. என் நிழலைப் பிடிக்கப் பாய்ந்தது.

அக்கா பின்கட்டில் தலைமுடியை உலர்த்திக்கொண்டிருந்தாள். மேஜரை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"எவ்வளவு நேரம் விளையாடின?"

"காலையிலேருந்துக்கா. நல்லா களைச்சிடும்னு."

"களைக்கல. வெறி ஏறிடுச்சு" என்றாள். இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் அம்மா பூ வைக்கக் கூப்பிட்டுவிட்டாள்.

மேஜரைக் கிணற்றடித் தூணில் இரட்டைக் கயிறு போட்டுக் கட்டினேன். பந்தை அரிசிப் பெட்டியின் அடியில் புதைத்தேன். என் கடமை முடிந்தது என்று குளிக்கப் போனேன்.

நான்கு பேராக வருவார்கள் என்று எதிர்பார்த்தோம். மூன்று பேர்தான் வந்தார்கள். சண்முகம் வாத்தியார் ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அவருடைய அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். சுண்ணாம்பு அடித்த சுவரையும், அடிக்க மறந்த மூலையையும் பார்த்தார். மூன்றாவது ஆள் வாத்தியாரின் தாய்மாமன். தோளில் ஜரிகைத் துண்டு. பெரிய குரல். அவர்கள் கொண்டுவந்த தட்டில் வெற்றிலை பாக்கு, ஆரஞ்சுப் பழங்கள், குடுமி வைத்த தேங்காய் ஒன்று.

தாய்மாமன் உட்கார்ந்ததும் பேசத் தொடங்கினார். சுதந்திரம் வந்துவிட்டது, இனி நம் சமுதாயம் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் பேச்சு. நல்ல பேச்சுதான். ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் முடியப்போகிற மாதிரி வந்து, "அதுமட்டுமில்லாம" என்று மறுபடி கிளம்பியது. அப்பா பொறுமையாகத் தலையாட்டினார். வாத்தியார் தரையைப் பார்த்தார். அவர் அம்மா கண்ணை மூடித் திறந்தார். அந்தத் தாய்மாமனை அவர்கள் வீட்டில் யாராலும் நிறுத்த முடிந்ததில்லை என்று எனக்கு அப்போதே புரிந்தது.

அந்த நேரத்தில் என் முழங்காலில் ஈரமாக ஏதோ உரசிக்கொண்டு போனது. குனிந்து பார்த்தேன். மேஜர். கழுத்தில் அறுந்த கயிறு தொங்கியது.

அது யாரையும் பார்க்கவில்லை. தட்டை நோக்கி நேராகப் போய், ஒரு ஆரஞ்சை மெதுவாகக் கவ்வி, தாய்மாமனின் காலடியில் வைத்துவிட்டு, நாலடி பின்னால் போய்ப் பதுங்கியது.

தாய்மாமன் பேச்சு வேகத்தில் கீழே பார்க்காமல் பழத்தைக் காலால் தள்ளிவிட்டார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மேஜரின் பார்வையில், அன்றைக்கு அந்த வீட்டில் ஆட்டம் புரிந்த ஒரு புத்திசாலி இருந்தார்.

பழம் உருண்டது, திரும்பி வந்தது. அவர் தள்ளினார். மறுபடி வந்தது. "நம்ம பிள்ளைங்க படிக்கணும்" என்றார், தள்ளினார். "ஒத்துமை வேணும்" என்றார், தள்ளினார். வாத்தியாரின் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோய்ப் பார்த்தேன். கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் பழம் நசுங்கித் தாய்மாமனின் வேட்டியில் சாறு தெறித்தது. அப்போதுதான் அவர் குனிந்து பார்த்தார்.

மேஜர் அதற்குள் அடுத்ததைத் தேர்ந்தெடுத்துவிட்டது. தேங்காயைக் குடுமியோடு கவ்விக்கொண்டு வந்து வாத்தியாரின் அம்மா காலடியில் வைத்தது. வைத்தது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். போட்டது. அவருடைய கட்டைவிரல் மேல்.

"ஐயோ" என்றார் அவர்.

அப்பா எழுந்து நின்றார். இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, "மேஜர், தயவு செஞ்சு வெளிய போங்க" என்றார்.

"யாரு மேஜரு? நாயையா இப்படிக் கூப்பிடறீங்க?" என்று காலைத் தடவிக்கொண்டே கேட்டார் வாத்தியாரின் அம்மா.

"தொரை வீட்டுலேருந்து வந்தவங்க" என்றார் அப்பா.

நிலைமையைச் சமாளிக்க வேண்டியது என் பொறுப்பு என்று தோன்றியது. பாய்ந்தேன். அன்றைக்கு நான் செய்த தவறுகளிலேயே அதுதான் பெரியது. நாயைத் துரத்துவது என்றால், நாயைப் பொறுத்தவரை, இப்போது புது ஆட்டம் தொடங்கிவிட்டது என்று மணி அடிப்பது. மேஜர் தேங்காயோடு கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. நான் பின்னால் ஓடினேன். அம்மா துடைப்பத்தோடு வந்தாள். தாய்மாமன் நாற்காலிக்குப் பின்னால் ஒதுங்கினார். எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் நகர்ந்தோம். அப்படிச் சிதறி நின்றதுதான் மேஜருக்குப் பொறுக்கவில்லை. என்ன இருந்தாலும் பிறவிக் குணம் ஆடு மேய்ப்பதல்லவா. தேங்காயை நடுவில் வைத்துவிட்டு, தலையைத் தாழ்த்திக்கொண்டு, எங்களைச் சுற்றி வளைத்து ஓடத் தொடங்கியது. கடிக்கவில்லை. குரைக்கவும் இல்லை. குதிகாலுக்குப் பின்னால் வந்து மூக்கால் முட்டும். நாம் தானாக ஒரு அடி எடுத்து வைப்போம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்று பேதமில்லாமல் நாங்கள் ஆறு பேரும் சாமி படத்துக்குக் கீழே, சுண்ணாம்பு அடிக்காத மூலையில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றோம்.

"ஒத்துமைன்னு சொன்னீங்களே மாமா" என்றார் வாத்தியார்.

அவர் அம்மா திரும்பி அவரை முறைத்தார். பிறகு அப்பாவிடம், "நாங்க கிளம்புறோம். இந்த நாயைப் புடிங்க" என்றார். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. இனி யார் நம் வீட்டு வாசலை மிதிப்பார்கள் என்று அவள் நினைத்தது எனக்குக் கேட்டது. அந்த நிமிஷம் எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. அக்காவுக்கு நான் செய்ய வேண்டியிருந்தது ஒரே ஒரு வேலை.

அப்போது அக்கா காப்பித் தட்டோடு உள்ளே வந்தாள். மெரூன் பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை. மூலையில் நின்ற எங்களைப் பார்த்தாள். தட்டை மேசையில் வைத்தாள். முகத்தில் எந்த அவசரமும் இல்லை.

"மேஜர்" என்றாள், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரலில்.

மேஜர் நின்றது. ஓடிப்போய்த் தேங்காயைக் கவ்விக்கொண்டு வந்து அவள் எதிரில் நின்றது. அக்கா பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்தாள். தேங்காயைப் பிடுங்கவில்லை. கையையே நீட்டவில்லை. புடவைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து, வறுத்த கச்சானில் (நிலக்கடலைதான்) ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தாள். மேஜர் யோசித்தது. தேங்காயை விட்டுவிட்டுக் கச்சானைத் தின்றது. அக்கா தேங்காயை எடுத்தாள்.

எடுத்ததும் அதை மேஜரிடமே திருப்பி உருட்டிவிட்டாள்.

"என்னக்கா பண்ற?" என்றேன் மூலையிலிருந்து.

"நீ சும்மா இரு."

மேஜர் தேங்காயைக் கவ்வியது. ஆனால் இந்தத் தடவை ஓடவில்லை. நடந்து வந்து வைத்தது. இன்னொரு கச்சான். மறுபடி உருட்டினாள், முன்னைவிட மெதுவாக. மேஜரும் மெதுவாகப் போனது. மூன்றாவது தடவை தேங்காயை எடுத்துத் தன் பின்னால் வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"அவ்ளோதான்" என்றாள்.

பிறகு மீதிக் கச்சானை அள்ளி, பின்வாசல் வழியாகப் புல்லுக்குள் தூவினாள். மேஜர் அதைப் பார்த்தது. மூக்கைத் தரையில் வைத்தது. ஒவ்வொன்றாக மோப்பம் பிடித்துக்கொண்டு புல்லுக்குள் போனது. கொஞ்ச நேரத்தில் அதன் வால் தளர்ந்தது. கொய்யா மரத்தடியில் ஒரு சுற்றுச் சுற்றி, பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்டது. தூங்கியும் விட்டது.

நாங்கள் இன்னும் மூலையில்தான் நின்றுகொண்டிருந்தோம். நகரலாமா என்று யாருக்கும் தெரியவில்லை.

வாத்தியார்தான் முதலில் வெளியே வந்தார். "இதை எப்படிக் கத்துக்கிட்டீங்க?" என்று அக்காவிடம் கேட்டார்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். பெண் பார்க்க வந்தவர் யாரும் அவளிடம் அப்படியொரு கேள்வி கேட்டதில்லை.

"தம்பி ஆபீசு போனப்புறம் அது வீட்டுலதானே இருக்கு. மொதல்ல நானும் பந்தைப் புடுங்கினேன். புடுங்கினா எல்லாம் போச்சுன்னு பயப்படுது, அதனாலதான் விடமாட்டேங்குது. திருப்பிக் குடுத்தா நம்புது. வெறி ஏர்றதுக்கு முன்னாடியே நிறுத்திடணும். தினம் ஒரே மாதிரி சொல்லணும். சொன்னா சொன்னதுதான், அப்புறம் பாவமா பாத்தாலும் எறியக் கூடாது. ஆனா சும்மா நிறுத்தினா அது என்ன பண்ணும்? மூக்குக்கு ஒரு வேலை குடுத்தா மனசு அடங்கிடும்."

(தொரை பைப்பைக் கடித்துக்கொண்டு சொன்னது இதைத்தான் என்று எனக்கு அப்போது உறைத்தது.)

"இதை ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"நீ கேக்கல. சொல்லலாம்னு வந்தப்ப நீ மரத்து மேல இருந்த."

வாத்தியார் சத்தமாகச் சிரித்துவிட்டார். அப்பாவும் சிரித்தார். அம்மா மட்டும் வாத்தியாரின் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து கட்டைவிரலை அசைத்துப் பார்த்துக்கொண்டார். தாய்மாமன் தொண்டையைக் கனைத்தார். "இந்த நாயை எடுத்துக்கிட்டீங்கன்னா, இதுலகூட நம்ம சமுதாயத்துக்கு ஒரு பாடம் இருக்கு. அதுமட்டுமில்லாம" என்று தொடங்கினார்.

அக்கா ஒரு தட்டில் உளுந்து வடை இரண்டு வைத்து அவர் கையில் கொடுத்தாள். "சூடா இருக்கு, சாப்பிடுங்க மாமா. ஆறிடப் போகுது."

அவர் ஒரு வடையைக் கடித்தார். மென்றார். இரண்டாவதை எடுத்தார். சுவர்க் கடிகாரத்தின் சத்தம் அப்போதுதான் எனக்குக் கேட்டது.

வாத்தியாரின் அம்மா தன் தம்பியைப் பார்த்தார். வடையைப் பார்த்தார். அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "எங்க வூட்டுக்காரரு இருந்தப்பகூட இவன் பேச்சை நிறுத்த முடிஞ்சதில்ல" என்றார். தட்டைக் காட்டி, "வடை யாரு சுட்டது?" என்று கேட்டார்.

"கமலாதான்" என்றாள் அம்மா. உண்மையில் அம்மாதான் சுட்டாள். அந்தப் பொய்யைப் பற்றி யாரும் இதுவரை அவளிடம் கேட்கவில்லை.

அவர்கள் அன்றைக்கே சம்மதம் சொல்லிவிட்டார்கள். அப்பா சமையலறைக்குப் போய் அக்காவிடம், "உனக்கு எப்படிம்மா?" என்று கேட்டார். அக்கா காப்பிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வந்தவங்கள்ல அவரு ஒருத்தருதான் எனக்குத் தெரிஞ்சதைக் கேட்டாரு" என்றாள். "சரின்னு சொல்லுங்கப்பா."

கல்யாணத்துக்குப் பிறகு மேஜர் அக்காவோடு செமாபோக்குக்குப் போய்விட்டது. நான் கொடுக்கவில்லை, அது போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சைக்கிளில் போவேன். அக்கா பந்தைக் கொடுப்பாள். கொஞ்ச நேரம் எறிவேன். நல்ல உற்சாகத்தில் இருக்கும்போதே வாசலில் வந்து நின்று கையை விரிப்பாள். மேஜர் உடனே புல்லுக்குள் போய்விடும். "இன்னும் ஒரே ஒருதடவை எறியறேன்க்கா" என்று கெஞ்சுவது நான்தான். மேஜர் கடைசிவரை நன்றாக வாழ்ந்து, கிழமாகி, மச்சான் ஆகிவிட்ட வாத்தியாரின் நாற்காலிக்கு அடியில் படுத்தபடியே போய்ச் சேர்ந்தது.

அந்தக் கை விரிப்பு மட்டும் குடும்பத்தில் தங்கிவிட்டது. தாய்மாமன் எந்தக் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்தாலும் அக்கா ஒரு தட்டோடு மேடைக்குப் பக்கத்தில் போய் நிற்பாள். சண்டை போடுகிற பிள்ளைகள், கடையை விட்டு வர மனமில்லாத மருமகள்கள், நாலாவது இட்லி கேட்கிற மச்சான், எல்லாருக்கும் அதே இரண்டு கை, அதே ஒரு சொல், பிறகு வாயில் போட்டுக்கொள்ள ஏதாவது கொஞ்சம். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று ஆபீஸில் ஒரு பிரிவுபசாரக் கூட்டம் வைத்தார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. நாட்டைப் பற்றிச் சொன்னேன், வேலையைப் பற்றிச் சொன்னேன், கட்டிய டைகளைப் பற்றியும் சொன்னேன். முன்வரிசையில் சிலர் நெளிந்தார்கள், நான் கவனிக்கவில்லை. "அதுமட்டுமில்லாமல்" என்று தொடங்கியபோது ஏதோ தோன்றி நிமிர்ந்து பார்த்தேன். முன்வரிசையில் என் மனைவி, மக்கள், மச்சான், எல்லாருக்கும் நடுவில் அக்கா. நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி. இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். அடுத்த நொடி அந்த வரிசை முழுவதும் கையை விரித்தது.

நான் பேச்சை அங்கேயே நிறுத்தினேன். கைதட்டினார்கள். மேடையை விட்டு இறங்கும்போதுதான் தெரிந்தது, நான் என்னையறியாமல் தரையைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறேன், எங்காவது கச்சான் கிடக்கிறதா என்று.